போத்தலில் உயிரோடு இருந்தது

1991ஆம் ஆண்டு, மலேசியாவில் லிங்கிக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில், கருமாதி வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் எனக்கு உறவு அல்ல. நான் வேதியியல் ஆய்வாளர். நல்ல உயிரணுக்களை விட்டுவிட்டு, புற்றுநோய் உயிரணுக்களை மட்டும் தேடிப்பிடித்து அழிக்கும் மருந்தை உருவாக்க முயன்றுகொண்டிருந்தோம். அதைச் சோதிக்க, நோயாளிகளின் அனுமதியோடு அவர்களுடைய கட்டியில் ஒரு சிறு துண்டை வாங்கி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் போத்தல்களில் வளர்ப்போம். பெரும்பாலும் சில வாரங்களில் செத்துப்போகும். இப்போது இறந்திருந்த இந்த அம்மா கொடுத்தது மட்டும் தழைத்தது. அவர் போன பிறகும் தழைத்தது.

பந்தலில் அவருடைய கணவர் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "அவ குடுத்த துண்ட வீசிட்டீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"இல்லைங்க, உயிரோட நல்லா வளருது."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். கணவர் காப்பித் தட்டைக் கீழே வைத்தார்.

"அவ உடம்புல ஒரு துண்டு உயிரோட இருக்கறப்ப, நான் எப்படிங்க கருமாதி பண்றது?"

லாரி ஓட்டும் மைத்துனர் எழுந்தே விட்டார். "படிச்சவங்க லா! எங்கக்காவ போத்தல்ல அடைச்சு வச்சிட்டு, இங்க வந்து காப்பி குடிக்கிறாங்க. இன்னிக்கே போய்க் கொட்டச் சொல்லுங்க மாமா."

அதைக் கொட்டினால், மருந்தைச் சோதிக்க எங்களிடம் வேறெதுவும் இல்லை. கொட்டிவிடுகிறேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"அது அவங்க இல்லைங்க. அவங்களக் கொன்ன நோய். அதக் கொல்லத்தான் தினமும் மருந்து ஊத்திப் பார்க்கிறோம். நீங்க சொன்னா கொட்டிடறேன்."

கணவர் மைத்துனரைக் கையமர்த்தினார். "கொட்டாதீங்க. மருந்து ஊத்தியே கொல்லுங்க. செத்ததும் எனக்குச் சொல்லுங்க" என்றார். பிறகு போய்ச் சடங்குக்கு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் தோட்டத்து ஆபீசிலிருந்து அவருடைய போன் வரும். "செத்துருச்சா மேடம்?" இன்னும் இல்லை என்பேன். போனை வைத்த பின் உட்கார முடியாது. மருந்தில் எதை மாற்றலாம், எதைக் கூட்டலாம் என்று நடந்துகொண்டே இருப்பேன். ஒருமுறை, "அவ பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது" என்று சிரித்தார். அது நோய்தானே என்று நான் திருத்தவில்லை.

மறு ஆண்டு, ஒரு போத்தலில் ஓர் உயிரணுகூட மிஞ்சவில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அவர் அழைக்கும்வரை பொறுக்க முடியாமல் நானே தோட்டத்துக்குப் போன் போட்டேன். அவரைக் கூட்டிவந்தார்கள்.

"செத்துருச்சுங்க."

மெதுவாக, "எல்லாமேவா?" என்றார்.

"இல்லைங்க, ஒரு போத்தல்ல மட்டும். மத்த போத்தல்ல இருக்கு."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "சரி மேடம். இருக்கட்டும் லா."

நோய் வேறு, ஆள் வேறு என்று பிரிப்பதுதான் என் தொழில். அந்த மூச்சைக் கேட்ட பிறகு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோட்டை என்னால் பழையபடி உறுதியாகப் போட முடிந்ததே இல்லை.