அந்த இறால் என்ன நிறம்?

செராங்கூன் சாலையில் எங்கள் படக்கடை இருந்தது. கீழே கடை, மேலே குடியிருப்பு. என் கணவர் படம் பிடிப்பார், நான் படங்களுக்கு வண்ணம் தீட்டுவேன். அப்போது படம் என்றால் கறுப்பு வெள்ளைதான். கல்யாணப் பெண்ணின் புடவைக்கு அரக்கு, ஜரிகைக்கு மஞ்சள், கன்னத்தில் கொஞ்சம் ரோஜா என்று நான் பூசிக் கொடுத்தால்தான் ஜனங்கள் அதைக் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். நாகப்பட்டினத்தில் கல்யாணமாகி, கப்பலேறி இங்கே வந்த இரண்டாம் வருஷத்திலேயே இந்த வேலை என் கைக்கு வந்துவிட்டது. உருப்படாமல் போன படங்களை எடுத்து வைத்துக்கொண்டு நானே தீட்டிப் பார்த்துப் பழகியதுதான்.

ஒரு நாள் மத்தியானம், நல்ல மழையில், ஒரு வெள்ளைக்காரர் மரப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினார். தான் நனைந்தாலும் பெட்டி நனையக்கூடாது என்று கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டிருந்தார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் நிற்கும் கம்பிக் கப்பலின் டாக்டர் என்று என் கணவரிடம் சொன்னார். கடலுக்கு அடியில் தேசம் விட்டு தேசம் தந்திக் கம்பி போட்டிருக்கிறார்கள் அல்லவா, அது எங்காவது அறுந்துபோனால் இந்தக் கப்பல் போகும். கொக்கி இறக்கி, கம்பியை மேலே இழுத்து, ஒட்டுப்போட்டுத் திரும்ப இறக்கிவிட்டு வரும். ஆயிரம் பாகத்துக்கும், அதாவது ஆறாயிரம் அடிக்கும், கீழே பல வருஷமாகக் கிடந்த கம்பி மேலே வரும்போது அதோடு சேறு வரும், அதைப் பற்றிக்கொண்டு யாரும் பார்த்திராத ஜந்துக்களும் வரும். கப்பலில் காய்ச்சல்காரர்கள் இல்லாத நாட்களில் டாக்டருக்கு வேலை, அந்த ஜந்துக்களைப் படம் பிடித்துச் சாராயப் புட்டியில் போட்டு வைப்பதுதான்.

பெட்டியைத் திறந்தார். உள்ளங்கை அகலத்தில் பன்னிரண்டு கண்ணாடிச் சில்லுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜந்து. விளக்குப் பெட்டிக்குள் சில்லைச் செருகினால் எதிரே கட்டிய துணியில் படம் ஆள் உயரத்துக்கு விழும். நகரத்தில் அவருடைய ஆட்களுக்கு ஒரு கூட்டம் போட்டு, ஆழ்கடலைப் பற்றிப் பேசி, இவற்றைக் காட்டப் போகிறாராம். கறுப்பு வெள்ளையில் காட்டினால் தூங்கிவிடுவார்களாம். வண்ணம் வேண்டும்.

"புட்டியில இருக்கிறதைக் கொண்டு வரச் சொல்லுங்க. பாத்துத் தீட்டிடறேன்" என்றேன்.

டாக்டர் கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வைத்தார். உள்ளே ஒரு இறால், சோறு போல வெளுத்திருந்தது. எல்லாமே இப்படித்தான் ஆகிவிடுமாம், சாராயத்தில் போட்டதும் நிறம் போய்விடுமாம். நிறம் இனி அதைக் கண்ணால் கண்டவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று என் கணவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

சரி, ஞாபகத்திலிருந்தே எடுப்போம் என்று மறுநாள் ஒரு ஏற்பாடு செய்தேன். வெள்ளைக்காரர் ஒரு நிறத்துக்கு அவர் பாஷையில் ஒரு பெயர் சொல்வார், என் கணவர் வேறொன்றாகப் புரிந்துகொள்வார், நான் மூன்றாவதாக ஒன்றைப் பூசுவேன். அதனால் பெயரே வேண்டாம், பொருளைக் காட்டட்டும் என்று தேக்கா சந்தைக்குப் போய் நிறம் நிறமாக வாங்கி வந்தேன். முறத்தில் பரப்பினேன்: மிளகாய்ப்பழம், ரம்புத்தான், மாதுளை முத்து, மங்குஸ்தீன் தோல், குங்குமம், மஞ்சள் கிழங்கு, வெற்றிலை, கத்தரிப்பூ, அரைத்த மருதாணி, இறாலை அரைத்துக் காயவைத்த பெலாச்சான் ஒரு துண்டு. பெலாச்சான் நாற்றத்தில் டாக்டர் மூக்கைச் சுருக்கினார். ஆனாலும் குனிந்து அக்கறையாகப் பார்த்தார்.

இறாலுக்கு அவர் தொட்டது மிளகாய்ப்பழம். எழுதிக்கொண்டேன். மற்றவற்றுக்கும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அடுத்த நாள் தீட்ட உட்காரும் முன் சரிபார்க்கலாம் என்று முறத்தை மறுபடி நீட்டினேன். அதே இறாலுக்கு அவர் விரல் வெற்றிலையில் போய் நின்றது.

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை எழுதும் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது, சரியாகச் சொல்லிவிட்டோமா என்று. மிளகாய்ப்பழம் ஒன்றையும் வெற்றிலை ஒன்றையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணா வேறயான்னு கேளுங்க."

"துரைகிட்ட இப்படியெல்லாம் கேக்க முடியுமா? பேசாம இரு" என்றார் என் கணவர்.

"நீங்க கேக்கலைன்னா இறாலுக்கு நான் பச்சை அடிக்க வேண்டியதுதான்."

கேட்டார். டாக்டர் இரண்டையும் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு மெதுவாகப் பேசினார். சின்ன வயதிலிருந்தே சிவப்பும் பச்சையும் தனக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்றார். ரத்தத்தைக்கூட ஈரத்தை வைத்தும் வாசனையை வைத்தும்தான் அடையாளம் காண்பாராம். கப்பலில் யாருக்கும் தெரியாதாம். நேற்று மிளகாயைத் தொட்டது வெறும் குருட்டு அதிர்ஷ்டம்.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். என் கணவர் அவரைச் சமாதானப்படுத்தும் விதமாகத் தன் தொழிலைப் பற்றிச் சொன்னார்: "என் கண்ணாடித் தகட்டுக்கும் அதே குறைதான். சிவப்புப் புடவை கட்டிக்கிட்டு வந்தா அது கறுப்புன்னுதான் எடுக்கும்."

அதைக் கேட்டதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடலில் இறங்க இறங்கச் சூரிய வெளிச்சத்தில் முதலில் சிவப்புதான் வடிகட்டப்பட்டுப் போய்விடுமாம், கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் நீலம். அந்த நீலத்தில் சிவப்பு ஜந்து கறுப்பாகத்தான் தெரியும், இருட்டோடு இருட்டாக மறைந்துகொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்களாம். "உங்கள் தகடு கடல் மாதிரியே பார்க்கிறது" என்றார். பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் எதற்கு அவ்வளவு சிவப்பு என்று நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அது ஒரு பதில் போல இருந்தது.

ஆனால் இறால் உண்மையிலேயே சிவப்பா என்பதே இன்னும் தெரியவில்லையே.

"கம்பி மேல வரும்போது வேற யார் பக்கத்துல நின்னாங்க?" என்று கேட்டேன்.

நின்றவர்கள் கம்பி இழுக்கும் ஆட்கள். பாதிப் பேர் நாகூர், காரைக்கால் பக்கத்தவர்கள். அவர்களிடம் நிறம் கேட்க வேண்டும் என்று அதுவரை டாக்டருக்குத் தோன்றவே இல்லை. அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் நாகூர்க்காரர், கப்பலில் ஆட்களை வேலை வாங்கும் தண்டல் உத்தியோகம். ஐம்பது வயதிருக்கும். இறால் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததும் நால்வரும் ஒரே குரலில் "மாதுளை" என்றார்கள். தண்டல் முறத்திலிருந்து ஒரு முத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"இதுல தண்ணி பட்ட மாதிரி இருக்கும் தங்கச்சி. உள்ளுக்குள்ளேர்ந்து செவப்பு."

ஆக, பச்சை இல்லை. கடல் அட்டை ஒன்றுக்குத்தான் சண்டை வந்தது. இருவர் கத்தரிப்பூ என்றார்கள், ஒருவர் மங்குஸ்தீன் தோல் என்று அடித்துப் பேசினார்.

"ரெண்டும் சரிதான்" என்றார் தண்டல். "ஏறுனப்போ கத்தரிப்பூ. வெயில் பட்டுக் கொஞ்ச நேரம் கெடந்துச்சுல்ல, அப்புறம் மங்குஸ்தீன் தோலு."

டாக்டர் ஒவ்வொன்றையும் என் கணவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கிளம்பும்போது தண்டல் ஒன்று கேட்டார். "துரை ஆளுங்களுக்குக் காட்டுறதை எங்க ஆளுங்களுக்கும் காட்டச் சொல்லுங்க. நாங்க இழுக்கிறதைப் பத்திச் சொன்னா வீட்டுல ஒருத்தியும் நம்பறதில்ல." டாக்டர் உடனே ஒத்துக்கொண்டார்.

ஐந்து வாரம் தீட்டினேன். அணில்மயிர்த் தூரிகையில் நான்கு மயிரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிட்டேன். கடைசிச் சில்லில் ஒரு மீன். அதன் வயிற்றில் வரிசையாகப் புள்ளி, ஒவ்வொன்றும் ஒரு விளக்காம். கப்பலில் ஒரு வாளிக்குள் அது மின்னியதைத் தண்டல் பார்த்திருக்கிறார். விளக்கை வண்ணத்தில் எப்படிக் காட்டுவது? இரண்டு நாள் யோசித்தேன். மீன்மேலும் அதைச் சுற்றியும் முழுக்கக் கறுப்பு பூசிவிட்டு, புள்ளி புள்ளியாக ஊசியால் சுரண்டி எடுத்தேன். அந்த இடத்தில் வெறும் கண்ணாடிதான், விளக்குப் பெட்டியின் வெளிச்சமே அதன் வழியாக வரட்டும் என்று.

தஞ்சோங் பகாரில் கொப்பரை மூட்டை போடும் ஒரு கிட்டங்கியை அங்கே மேஸ்திரியாக இருந்த மண்டோர் திறந்துவிட்டார். ஞாயிறு மத்தியானம். கதவுகளை எல்லாம் சாத்தி, சந்துகளில் கோணி அடைத்து இருட்டாக்கினார்கள். ஒரு பழைய கப்பல் பாய்தான் திரை. துறைமுகத்து லயன் வீடுகளிலிருந்து பெண்கள், பிள்ளைகள், கரி சுமக்கிறவர்கள் எல்லோரும் வந்து மூட்டைகள் மேலும் தரையிலுமாக உட்கார்ந்தார்கள். கொப்பரை வாசனையிலும் புழுக்கத்திலும் எனக்குத் தலை சுற்றியது.

முதல் சில்லு விழுந்ததும் நான் திடுக்கிட்டேன். என் வேலையை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை. இறாலின் மீசையில் ஒரு மயிரிழை வெளியே போன சிவப்பு, பாயில் விரல் தண்டி வழிந்திருந்தது. யாருக்கும் அது கண்ணில் படவில்லை. "யம்மாடி!" என்று ஒரு பெண் சத்தம் போட்டாள். தண்டலின் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்து, "நெசமாத்தான் சொன்னியளா?" என்றாள். கிட்டங்கியே சிரித்தது.

டாக்டர் இங்கிலீஷில் சொல்ல, என் கணவர் தமிழில் சொன்னார். நடுநடுவே கப்பல் ஆட்களே எழுந்து பேசினார்கள். கம்பி எவ்வளவு நேரம் ஏறும், கையில் எடுத்தால் எப்படிச் சில்லிடும், எது கடிக்கும் என்று. கொஞ்ச நேரத்தில் டாக்டர் பேசுவதை நிறுத்திவிட்டு அவர்கள் சொல்வதை என் கணவரிடம் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

கடைசியாக விளக்கு மீன். கறுப்புப் பாயில் புள்ளிகள் மட்டும் மினுங்கின.

கதவைத் திறந்து கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் புருஷன் இதே கப்பலில் கம்பி ஆளாக இருந்து காய்ச்சலில் போனவன். ஜாவாவுக்குத் தெற்கே, நடுக்கடலில், துணி சுற்றி இறக்கிவிட்டார்கள் என்று தண்டல் என் காதில் சொன்னார். இறக்கிய நாலு பேரில் அவரும் ஒருவர்.

"அக்கா, அங்க ரொம்ப இருட்டா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியாது. என் கணவரை டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். அவர் சொன்னதைக் கேட்டு என் கணவர் தயங்கினார்.

"உள்ளதை அப்படியே சொல்லுங்க" என்றேன்.

"இருட்டுதாம்மா. நல்ல குளிராம். ஆனா அலை கிடையாதாம், புயல் அடிச்சாலும் கீழ அசையாதாம்."

அவள் தலையை ஆட்டினாள். "தரை எப்படி இருக்கும்? பாறையா?"

"பாறை இல்ல தாயி, சேறு" என்றார் தண்டல். "ஆழம் பாக்கக் குண்டு விடுவோம், அதுல ஒட்டிக்கிட்டு வரும். நான் தொட்டிருக்கேன்."

டாக்டருக்கு விஷயம் புரிந்ததும் பெட்டிக்குள் தேடி ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். அந்தப் பக்கத்துக் கடலில் எடுத்த சேறு. தக்கையைக் கழற்றி அவள் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டார். சாம்பல் நிறம். அவள் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"மாவு மாதிரி இருக்கு" என்றாள். "உறுத்தவே இல்ல." பிறகு தண்டலைப் பார்த்து, "சரிண்ணே" என்று மட்டும் சொன்னாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே எழுந்து போனாள். அவள் அழவில்லை. நான்தான் விளக்குப் பெட்டியை மூட்டை கட்டும் சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

நகரத்துக் கூட்டம் அடுத்த வாரம் நடந்தது. நாங்கள் போகவில்லை. நன்றாக நடந்ததாக டாக்டர் வந்து சொன்னார். தன் கண்ணைப் பற்றியும் அங்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாராம். நிறத்தைக் கண்டு சொன்னவர்கள் கப்பல் ஆட்கள் என்பதையும் சொன்னாராம். அடுத்த வருஷம் வேறு கப்பலுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். சில்லுகளையும் கொண்டுபோனார்.

ஆனால் தண்டலும் ஆட்களும் விடவில்லை. கப்பல் கரைக்கு வந்தால் ஒருவராவது செராங்கூன் சாலைக்கு வந்து, கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் நின்றபடியே இந்தத் தடவை ஏறியதைச் சொல்லிவிட்டுப் போவார். நான் ஒரு நோட்டு வாங்கி, அவர்கள் சொல்லச் சொல்ல வரைந்து, நிறம் பூசி வைப்பேன். "இன்னும் கொஞ்சம் பழுப்பு, தங்கச்சி", "இவ்வளவு கால் இல்ல, அக்கா" என்று திருத்துவார்கள். தேக்காவில் காய் வாங்கும்போது துறைமுகத்துப் பெண்கள் யாராவது கையைப் பிடித்து நிறுத்தி, புதிதாக என்ன வந்தது என்று கேட்பார்கள். சேற்றைத் தொட்டுப் பார்த்த அந்தப் பெண்ணும் இரண்டு மூன்று தடவை கடைக்கு வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிற்பாடு தண்டலின் உறவுக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு பினாங்குக்குப் போனாள். போகிற அன்று இருவருமாக வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். புடவைக்கு என்ன நிறம் வைக்கட்டும் என்று கேட்டேன். "உங்களுக்குத் தோணுறதை வைங்கக்கா" என்றாள். கிளிப்பச்சை வைத்தேன்.