தனபால் சொல்ல மறுத்த ‘ஃப்ரெஷ்’

திருப்போரூரில் என் மெஸ் வாசலுக்கு மீன்காரக் கன்னியம்மா வெறுங்கூடையோடு வந்து நின்றார். “இன்னிக்கு ஃப்ரெஷ் இல்ல அண்ணாத்த. குப்பத்துல யாரும் கடலுக்குப் போவல. தனபாலு அண்ணன் செத்துப் பூட்டாரு” என்றார்.

எழுபதுகளில் மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் நான் சமையல், தனபால் சர்வர். வெள்ளைக்காரர்களிடமிருந்து அவர் பிடித்துக்கொண்ட முதல் சொல் ஃப்ரெஷ். புதுக் கல்யாணக்காரர்கள் வந்தால் ஃப்ரெஷ் ஜோடி, மழை விட்டால் ஃப்ரெஷ் காற்று. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் மனிதர் மகா கறார். காலை இட்லியை நான் மறுபடி ஆவி காட்டி வைத்தால், “சூடா கீது மச்சான், ஃப்ரெஷ் இல்ல” என்று எல்லார் எதிரிலும் மானத்தை வாங்குவார். அவரோடு பழகிய உங்களில் பலரும் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தானே.

ஒருநாள் அவருடைய மீனவர் குப்பத்தில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். பிணம் எடுக்கும்வரை ஒரு கட்டுமரமும் கடலில் இறங்காது. அது அங்கே ஊர்க்கட்டுப்பாடு. அன்று பார்த்து ஒரு வேன் நிறைய வெளிநாட்டுக்காரர்கள் மீன் சாப்பிட வந்து இறங்கினார்கள். ஐஸ் பெட்டியில் முந்தின நாள் வஞ்சிரம்தான் இருந்தது.

“ஃப்ரெஷ்னு சொல்லு. அவனுங்களுக்கு இன்னா தெரியப் போவுது?” என்றார் முதலாளி.

“நல்ல மீனு. நல்லதுன்னு சொல்றேன் மொதலாளி. ஃப்ரெஷ்னு சொன்னா, சாவு வூட்ட வெச்சிகினு எவனோ கடல்ல இறங்கிட்டான்னு ஆவும். எங்க ஜனத்துக்கு அந்தப் பேரு வேணாம்.”

“அப்ப சட்டையக் கழட்டி வெச்சிட்டுப் போ.”

கட்டுமரத்தை விற்றுவிட்டு வந்தவர் அவர். அந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. இருந்தும் ஓட்டல் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். பனியனோடு நேராக அவர்கள் மேஜைக்குப் போய், செத்தவரைப் பற்றியும் மீனைப் பற்றியும் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டுச் சாவு வீட்டைப் பார்க்க நடந்தார். வந்தவர்கள் எழுந்து போகவில்லை. அந்த நேற்றைய வஞ்சிரத்தையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் முதலாளி சுடுகாட்டுக்கே வந்தார், கக்கத்தில் அந்தச் சட்டையோடு. “காலைல நேரத்தோட வந்துடு” என்றார், அதோடு சரி.

என் மெஸ் வாசல் பலகையில் ‘ஃப்ரெஷ் மீன் சாப்பாடு’ என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். கன்னியம்மா போனதும் முதல் சொல்லைத் துடைத்தேன். அதை எப்போது துடைக்க வேண்டும் என்பதுதான் தனபாலிடமிருந்து நான் கற்றுக்கொண்டது. குப்பத்துக்குக் கிளம்பும்போது வாடிக்கைக்காரர் ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு, “ஏன், ஃப்ரெஷ்ஷக் காணோம், மீனு இல்லியா?” என்று கேட்டார்.

“கீது. நேத்து வந்தது, நல்லா கீது. இன்னிக்கு யாரும் கடல்ல இறங்கல. எங்க தனபாலு கிடக்கிறாரு” என்றேன்.