ஏணியில் எல்லோரும் ஐந்து

நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் தெருவில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. உள்ளே சாப்பிடுவது, சண்டை போடுவது எல்லாம் வெளியே தெரியும். ஆனால் தெருவில் போகிற ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பந்தல்குடிக்காரியான நான் மட்டும் மூன்று வருடமாக எல்லா வீட்டையும் பார்த்துக்கொண்டே போகிறேன். பார்த்தால் தப்பாம், பிரைவசி என்கிறார்கள். அந்தப் பிரைவசிதான் என் ஆய்வைக் கவிழ்க்கப் பார்த்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இன்று வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றி இங்கே முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறேன் என்று எழுதும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன். அரசு உதவி உண்மையிலேயே ஏழைகளுக்குப் போய்ச் சேருகிறதா என்பது என் கேள்வி. அதற்காகப் போன கோடையில் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். கையில் பத்துப் படி ஏணியின் படம் ஒன்று. ஊரிலேயே வசதி குறைந்தவர் முதல் படி, கூடியவர் பத்தாம் படி. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? தனியாக உட்காரவைத்துத்தான் கேட்க வேண்டும் என்று என் பேராசிரியர் ஹென்க் விதி போட்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்த பெண்களையெல்லாம் விரட்டிவிட்டுக் கேட்டேன். ஒரு வாரம், அத்தனை வீட்டிலும் ஒரே பதில்: ஐந்து. கீழே சொன்னால் கௌரவக் குறைச்சல், மேலே சொன்னால் கண்பட்டுவிடும்.

வீடியோவில் ஹென்க் உதட்டைப் பிதுக்கினார். இன்னும் மூன்று நாள் பார், மாறாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்றார். அது போனால் என் ஆய்வில் மிஞ்சுவது முன்னுரை மட்டும்தான்.

மறுநாள் நான் போன வீட்டில் பேச்சியம்மாள் என்பவரும் ஐந்தாம் படியில் விரலை வைத்தார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு முத்தக்கா சிரித்தார்.

"ஏ புள்ள, அவ சங்கதிய அவகிட்டயே கேட்டா வெளங்குமா? எங்கிட்டக் கேளு. அவளுக்கு ரெண்டு."

"ஆமா, இவுகதான் எங்க வீட்டு உலையில அரிசிய எண்ணிப் பாத்தாக!" என்றார் பேச்சியம்மாள். "இவளுக்கு மூணு போடு. அதுக்கு மேல ஏறுனான்னா ஏணியே ஒடிஞ்சிரும்."

விதியை மடித்துப் பையில் வைத்தேன். அதன்பிறகு அந்தந்த வீட்டாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, அவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்டேன். "எழுதிக்க, எங்க வாயால சொல்லலேல்ல" என்றார் பேச்சியம்மாள். தனித்தனியாகக் கேட்டும், ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் மூன்று பேர் பெரும்பாலும் ஒரே படியைச் சொன்னார்கள். முதல் படியில் நின்றும் உதவி வராத வீடுகள் எவை என்பது மூன்றே நாளில் தெரிந்தது.

திரும்பி வந்ததும் ஹென்க்குக்கு ஒரு சந்தேகம். "பக்கத்து வீட்டைப் பற்றி ஒருவருக்கு எப்படித் தெரியும்?"

"உங்கள் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

நன்றாக யோசித்தார். "ஒரு பூனை இருக்கிறது."

மூன்று பேர் பதிலும் ஒத்துப்போகும் அட்டவணையை அவர் முன்னால் வைத்தேன். அத்தியாயம் தப்பித்தது.

புதிய படிவத்தைச் சோதிக்க என்னையே வைத்துப் பார்த்தோம். போனில் அம்மாவைக் கேட்டேன். "ஏழுன்னு போடு தாயி. எட்டுன்னா கண்ணு பட்டுரும்." அடுத்து ஹென்க்கைக் கேட்டேன். என் வாடகை அறையையும் பழைய சைக்கிளையும் நினைத்திருப்பார். தயங்கித் தயங்கி, இரண்டு என்றார். ஒரே ஆளுக்கு இவ்வளவு தள்ளியிருக்கும் இரு படிகளை வாங்கக் கணினி மறுத்தது. ஊரில் இருக்கும் நான் ஒரு வரி, இங்கே இருக்கும் நான் ஒரு வரி என்று பிரித்துப் போட்டேன். உடனே வாங்கிக்கொண்டு, மொத்தம் இரண்டு பேர் என்று காட்டியது. ஹென்க் திருத்தப் போனார்.

"இருக்கட்டும்" என்றேன்.