வாசலில் உறுமிய பேருந்து

போர்முனையிலிருந்து திரும்பும் சிப்பாய்களை ஊருக்கு ஏற்றிச் செல்லும் பேருந்துக்கு அண்ணன் ஓட்டுநர். ஏறுவதற்கு முன் அவர்களைச் சோதிக்கும் செவிலி அவனுடைய தங்கை. தூக்கம் வருகிறதா, காது கேட்கிறதா என்று அவள் என்ன கேட்டாலும் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்காங்க," என்று பெரிய டாக்டர் பூரித்துப்போனார். அவளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"அண்ணே, பஸ்ல எப்படி வர்றாங்க?"

"ஒருத்தனும் கண்ணை மூடறதில்லம்மா. ஹாரன் அடிச்சா சீட்டுக்கடியில பூந்துடறாங்க. ஹாரன்னு ஒண்ணு இருக்கறதையே நான் மறந்துட்டேன்."

சன்னலுக்கு வெளியே பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. நோவு என்று சொன்னால் அதில் ஏற்றாமல் இங்கேயே நிறுத்திவைப்பார்கள். பிறகு எவன் வாயைத் திறப்பான்? அவள் நேரே டாக்டரிடம் போனாள்.

"வீட்டுக்குப் போனப்புறம் இதே கேள்வியைக் கேக்கணும் சார். நம்ம சோதனை சரிதானான்னு அப்பத்தான் தெரியும்."

"அவங்க வரமாட்டாங்கம்மா."

"நான் போறேன் சார்."

"நீ விடமாட்டியே!" என்று டாக்டர் தலையாட்டினார்.

சில மாதங்கள் கழித்து, ஒரு விடுமுறை நாளில், அண்ணனின் பைக்கில் ஏறிக் கிளம்பினாள். முதல் வீட்டுச் சிப்பாயும் "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றுதான் ஆரம்பித்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

"பஸ் போயிடுச்சு தம்பி. இனி உன்னை யாரு இறக்கிவிடப் போறா?"

அவன் மனைவியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "ராத்திரியெல்லாம் உக்காந்தே கெடக்கறேன்க்கா," என்றான்.

வெகுநேரம் கழித்து அவள் வெளியே வந்தாள்.

"அடுத்த வீடு ரொம்பத் தூரம்ணே."

"ஏறு. ஓட்டறதுதானே நம்ம பொழப்பு," என்று பெருமையோடு வண்டியை உதைத்தான் அண்ணன்.