தொரசாணியின் ஐந்தாவது பொம்மை

போன மாதம் ராகலையில் ஒரு பழைய சாமான் கடையில், ஒரே முகமுள்ள நான்கு குழந்தைப் பொம்மைகளைப் பார்த்தேன். "செட்டுக்கு அஞ்சு இருக்கணுங்க. ஒண்ணக் காணோம்" என்றார் கடைக்காரர்.

எனக்கு ஏழு வயதில், எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் மனைவி, தொரசாணி, அப்படி ஐந்து பொம்மைகளைச் சேர்த்து வைத்திருந்தார். வெளிநாட்டில் ஒரே பிரசவத்தில் பிறந்து பிழைத்த ஐந்து பெண்குழந்தைகளைப் பார்த்துச் செய்தவையாம். அப்பா அவர்களுடைய பங்களாவில் பூந்தோட்ட வேலை செய்தார்.

அந்த வருடக் குளிரில் அம்மாவுக்கு, தொழிலாளர்கள் வரிசை வீடுகளான லயத்தில், இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். ஒன்பதாம் நாள் ஒன்று இறந்தது. இரட்டையில் போனது இருப்பதையும் கூப்பிட்டுக்கொள்ளும், அதனால் துணைக்கு ஒரு பொம்மையைச் சேர்த்துப் புதைக்க வேண்டும் என்பார்கள் எங்கள் லயத்தில். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனார்.

"கட்டையில ஒண்ணு செதுக்கிக்கயேன்யா. தொரசாணி பொம்மையவா கேக்க வந்த?" என்றார் சமையல்கார அப்பு.

"நேரமில்லண்ணே. இருக்கிறதும் பால் குடிக்க மாட்டேங்குது."

உள்ளிருந்து கேட்ட தொரசாணி, ஒரு பொம்மையைக் கம்பளியில் சுற்றி எடுத்து வந்தார். "குளிர்" என்று மட்டும் தமிழில் சொல்லி அப்பாவிடம் கொடுத்தார்.

பொம்மையைச் சேர்த்தே புதைத்தார்கள். மற்ற தங்கை பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் மண்ணுக்குள் இருப்பவளுக்குக் கேட்டுவிடும் என்று, அம்மா தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் விடப்போனபோதும், பெயரை ஆயாவின் காதோடுதான் சொன்னாள்.

அம்மா போய் வெகு காலமாகிறது. நான் இன்னும் தங்கையைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை.