புஷ்பத்தின் ரப்பர் இருதயம்

குருவிட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் புஷ்பத்துக்கு இரண்டு பெயர். ஊருக்குப் புஷ்பம், புருஷன் மூக்கையாவுக்குக் ‘கம்மெலி’. சோம்பேறியைச் சிங்களத்தில் திட்டினால்தான் உறைக்கும் என்பது அவன் கட்சி.

மேட்டு மரங்களில் பால் வெட்ட ஏறினால் அவளுக்கு மூச்சு முட்டும். வாளியை வைத்துவிட்டுக் குந்திவிடுவாள். இருதய வால்வு ஒழுகுகிறது, கொழும்பில் ஒப்பரேஷன் செய்து தைக்கவேண்டும், துணைக்கு ஆள் வரவேண்டும் என்று ரத்தினபுரி டொக்டர் சொல்லியிருந்தார்.

“லீக்குன்னா அடைச்சாப் போச்சு. அதுக்கு நெஞ்சைப் பொளக்கணுமா?” என்றான் மூக்கையா. துணைக்கு வரமாட்டானாம்.

புஷ்பத்தின் அண்ணன் மகள் சசி டெக்னிக்கல் கொலேஜில் படிப்பவள். போத்தலை ரப்பர் பாலில் தோய்த்துக் காயவைத்து, உரித்து, பை மாதிரி ஓர் இருதயம் செய்து கொண்டுவந்தாள். மேலே தண்ணீர் வரும் குழாய், நடுவில் இரண்டு ரப்பர் இதழ், பக்கத்தில் வெளியே மட்டும் போகவிடும் குழாய். குங்குமத் தண்ணீரை ஊற்றிப் பையை அமுக்கினாள். பாதி வெளியே போனது. பாதி வந்த வழியே மேலே திரும்பியது.

“இதுதான் மாமா அத்தையோட நெஞ்சு. அமுக்குறதுல பாதி வீணு.”

“அடைக்கத் தெரியாத நீயெல்லாம் என்னடி படிக்கிற?”

ரப்பர்க்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இதழ்களின் மேல் பாலைத் தடவிக் காயவைத்தான். மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அமுக்கினான். ஒரு சொட்டுத் திரும்பவில்லை.

“பாத்தியா கம்மெலி?”

கையை விட்டான். பை உப்பவில்லை. மேலேயிருந்து தண்ணீர் இறங்க வழியில்லாமல் சப்பளிந்தே கிடந்தது. இன்னொரு தரம் அமுக்கினான். ஒன்றும் வரவில்லை.

“அத்தை செத்துட்டாங்க, மாமா,” என்றாள் சசி.

புஷ்பம் அந்தப் பையையே பார்த்தாள். மூக்கையா அவளைப் பார்க்கவில்லை.

சசி அவன் ஒட்டியதை வெட்டி எறிந்தாள். தளர்ந்த இதழின் ஓரத்தை மட்டும் சின்ன மடிப்பாகத் தைத்தாள். அமுக்கினாள், விட்டாள். பை நிறைந்தது, வெளியே பாய்ந்தது. மேலே கசிந்தது சொட்டளவுதான்.

“இப்படித்தான் தைப்பானுங்களா?”

“ஆமா மாமா.”

“தைக்கிறவனுக்கு ஒன்னைய மாதிரி வாய் இருக்கக்கூடாது,” என்று சீறிவிட்டு, புஷ்பத்தின் பக்கம் திரும்பினான். “என்னடி முழிக்கிற? பஸ்ல மூச்சு வாங்குதுன்னு சாஞ்சா, தள்ளிவிட்டுருவேன்.”

“சாயமாட்டேன். பக்கத்துல இருந்தாப் போதும்.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். புஷ்பம் கொழும்புப் பயணத்துக்குத் துணிப்பையை எடுத்து, தன் சேலைகளுக்கு மேல் அவனுடைய சாரத்தையும் மடித்து வைத்தாள்.