மாட்டுத் தொட்டியில் முடிச்சுப் போட்ட பை

பண்டாரவளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறோம். மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் சாக்கடைக் கானில் கொட்டி அடைத்துவிடுகிறார்களே என்று, "எங்க மாட்டுக்குக் குடுங்க" என வீடுவீடாகக் கேட்டேன். கொடுத்தார்கள்! நான் கொழுந்து பறிக்கப் போன நேரத்தில், பிளாஸ்டிக் சொப்பிங் பையில் முடிச்சுப் போட்டு அப்படியே தொட்டியில் வீசினார்கள்.

போன வாரம் வேலை விட்டு வந்தால், மாடு நுரை தள்ளித் திணறிக்கொண்டிருந்தது. வாய்க்குள் கையை விட்டு முழுப் பையையும் இழுத்தெடுத்தேன். நல்லவேளை, பிழைத்துவிட்டது.

"மாடுதானே, பிரிச்சித் தின்னுமுன்னு நெனச்சேன் அக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பிரிக்கிறதுக்கு அதுக்கென்ன கையா இருக்கு?" என்று கத்திவிட்டேன்.

இப்போது முடிச்சுப் போட்ட பை வந்தால், தந்தவர் வீட்டுக் கதவிலேயே கொண்டுபோய்த் தொங்கவிடுகிறேன். காலையில் பாலுக்குச் செம்பு கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு, மாட்டுத் தீனிக்கு ஒரு வாளி கொண்டுவரத் தெரியாதா?